மணி அடிச்சா காதைப் பொத்திற பெடியனும், பின்வாங்கில இருக்கிற பிள்ளையும்

கேள்வி:

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 3 படிப்பிக்கிறன். வகுப்பில 29 பிள்ளையள். அதில ஒரு பெடியனாலதான் இதை எழுதிறன். இருக்கச் சொன்ன இடத்தில இருக்கமாட்டான், மணி அடிச்சா ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழ போயிடுவான், எழுதச் சொன்னா ரெண்டு வரியோட பென்சிலை எறிஞ்சிடுவான். ஆனா ரோட்டில போற உழவு மெசினின்ர சத்தத்தைக் கேட்டே அது யாற்ற மெசின் எண்டு சொல்லுவான். அவனை வேற எங்கையாவது அனுப்பச் சொல்லி மற்றப் பிள்ளையளின்ர தாய்தேப்பன் அதிபரிட்டக் கேட்டிருக்கினம், இன்னும் ரெண்டு வருசத்தில ஸ்கொலர்ஷிப் எண்டு சொல்லுகினம். நான் விசேட கல்வி படிச்ச ஆள் இல்லை. போன கிழமை பொறுக்கேலாமல் அடிமட்டத்தால கையில ஒரு அடி போட்டிட்டன், அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. விசேட கல்வி அலகுக்கு அனுப்பிறதுதான் அவனுக்கு நல்லதோ? மற்றப் பிள்ளையளால எனக்குக் கரைச்சல் இல்லை, பின்வாங்கில ஒரு பொம்பிளைப் பிள்ளை வாசிக்கக் கொஞ்சம் கஷ்டப்படுறாள், ஆனா கொப்பி முத்துமுத்தா எழுதுவாள், சத்தமே இல்லாத பிள்ளை.

பதில்:

ரீச்சர், அவனை அனுப்பாதேங்கோ. முதல் இதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம். நான் வன்னியில 20 வருசத்துக்கு மேல படிப்பிச்சிருக்கிறன், அதில பாதிக்கு மேல விசேட கல்வியில, அலகுக்குக் கட்டாயம் போகவேண்டிய பிள்ளையளையும் பாத்திருக்கிறன், அனுப்பியிருக்கவே கூடாத பிள்ளையளையும் பாத்திருக்கிறன். அலகு, அந்தத் தனி வகுப்பு, கூடாத இடம் இல்லை. இன்னும் கதைக்கத் தொடங்காத, சாப்பிட, கழுவ ஒராளின்ர உதவி வேணுமெண்டு இருக்கிற பிள்ளைக்கு அங்க கிடைக்கிற கவனிப்பு 29 பேர் இருக்கிற வகுப்பில கிடைக்காது. ஆனா மற்ற வீட்டு ஆக்கள் முறைப்பாடு சொல்லுகினம் எண்டதுக்காக அனுப்பினா அது அவனுக்காகச் செய்த வேலையா இருக்காது. சட்டமும் அவன்ர பக்கம்தான் நிக்குது, அதிபர் கேட்டா சொல்லுங்கோ, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயலாமையைக் காரணமாக் காட்டி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்காமல் விடேலாது, 2016இல இலங்கை மாற்றுத்திறனாளிகள் பற்றின ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தினது, அதின்ர 24ஆவது உறுப்புரை பொதுப் பள்ளிக்கூடத்தில மற்றப் பிள்ளையளோட சேர்ந்து படிக்கிற உரிமையைப் பற்றித்தான் சொல்லுது.

அடிச்சதைப் பற்றி. மறைக்காமல் எழுதினீங்கள், அதால உங்களில எனக்கு மரியாதை கூடினது. உடல் தண்டனை கூடாது எண்டு அமைச்சின்ர சுற்றுநிருபம் 2005இலயே வந்திட்டுது, அது உங்களுக்கும் தெரியும். இப்ப செய்யவேண்டியது ஒண்டு இருக்கு. அவனைத் தனியக் கூப்பிட்டு, "அண்டைக்கு ரீச்சர் அடிச்சது பிழை, இனி அடிக்கமாட்டன்" எண்டு சொல்லுங்கோ. நீட்டவேண்டாம், விளக்கம் சொல்லவேண்டாம். அவன் உங்கட முகத்தைப் பாக்கமாட்டான், கேளாத மாதிரித்தான் நிப்பான், ஆனா கேட்டிருப்பான்.

இனி அவனைப் பாக்கிற விசயம். ஒரு பழைய கொப்பியை எடுத்து 10 பள்ளிக்கூட நாளுக்கு மூண்டு விசயத்தை மட்டும் எழுதுங்கோ, அவன் எழும்பினதுக்கோ எறிஞ்சதுக்கோ ஒரு நிமிசம் முந்தி என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதுக்குப் பிறகு என்ன நடந்தது. "குழப்படி", "அடங்காதவன்" எண்ட சொல்லுகள் அந்தக் கொப்பிக்குள்ள வரக்கூடாது. கண்ணால கண்டதை மட்டும் எழுதவேணும், "9.40, வாங்கு இழுபட்ட சத்தம், காதைப் பொத்தினான்" எண்ட மாதிரி.

எனக்கு இதைப் படிப்பிச்சது துணுக்காய்ப் பக்கத்தில ஒரு பெடியன். ஒவ்வொரு நாளும் இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி பக்கத்தில இருக்கிற பிள்ளையைத் தள்ளி விழுத்துவான். பசியாக்கும் எண்டு நினைச்சு பிஸ்கற் குடுத்துப் பாத்தன், சரிவரேல்லை. எட்டு நாள் எழுதினாப் பிறகுதான் பிடிபட்டுது. எங்கட வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில அரைச்சுவர்தான், அங்கால அந்த நேரத்தில "ஏழேழு நாப்பத்தொன்பது" எண்டு முழு வகுப்பும் ஒரே குரலில வாய்ப்பாடு கத்தும், மேல தகரம், சத்தம் போக இடமில்லாமல் திரும்பி வந்து எங்கட தலையிலதான் விழும். அந்த ரீச்சர் லீவு நிண்ட ரெண்டு நாளும் அவன் ஒருத்தரையும் தள்ளேல்லை. நாங்கள் ரெண்டு ரீச்சர்மாரும் கதைச்சம், அவ வாய்ப்பாட்டை வேப்பமரத்துக்குக் கீழ கொண்டுபோனா, நான் அவன்ர மேசையை மற்றக் கரையில கதவடிக்கு மாத்தினன். அவ்வளவுதான் செய்தது. ஒரு சதமும் செலவில்லை, ஒரு டொக்டரும் வரேல்லை, தள்ளுறது நிண்டிட்டுது.

உங்கட பெடியனும் சத்தத்திலதான் மாட்டுப்படுறான் எண்டு உங்கட கடிதமே சொல்லுது. உழவு மெசின் சத்தத்தைப் பிரிச்சுச் சொல்லுற காதுதான் மணிச் சத்தத்துக்குப் பொத்துப்படுகுது, ரெண்டும் ஒரே காது ரீச்சர். எங்களுக்கெல்லாம் மூளை தேவையில்லாத சத்தத்தைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும், நீங்கள் படிப்பிக்கேக்க வெளியால காகம் கத்தினதை நீங்கள் கவனிக்கவே மாட்டியள். சில பிள்ளையளுக்கு அப்பிடித் தள்ளுப்படாது. காகம், பக்கத்துப் பிள்ளை பென்சில் கூராக்கிறது, சட்டைக் கழுத்தில இருக்கிற லேபிள் உரசுறது, உங்கட குரல், எல்லாம் ஒரே அளவில வந்து குவியும். அதுக்கு மேல மணி. எங்கட பள்ளிக்கூடங்களில மணி எண்டா தண்டவாளத் துண்டை இரும்பால அடிக்கிறதுதானே, அது எனக்கே சிலநேரம் பல்லுக் கூசும். மேசைக்குக் கீழ போறது அவன் கண்டுபிடிச்ச மருந்து. அங்கயிருந்து இழுத்தெடுக்கவேண்டாம். நீங்களும் பேசாமல் இருங்கோ, ரெண்டு மூண்டு நிமிசத்தில தானா வருவான், வந்தோடன ஏன் போனாய் எண்டு கேக்கவும் வேண்டாம்.

மணிக்கு நீங்கள் செய்யக்கூடியது: அடிக்க ஒரு நிமிசம் முந்தி அவன்ர மேசையில விரலால மெல்லத் தட்டிக் காட்டுங்கோ, "இப்ப அடிக்கும்" எண்டு அர்த்தம். எதிர்பாத்த சத்தம் பாதிச் சத்தம்தான். கொஞ்ச நாள் போக, அதிபர் சம்மதிச்சா, அவனையே மணி அடிக்க விட்டுப் பாருங்கோ. தானே அடிக்கிற மணிக்குக் காதைப் பொத்தாத பிள்ளையளைக் கண்டிருக்கிறன், பொத்தினவையும் இருக்கினம், பொத்தினா வற்புறுத்தவேண்டாம்.

இது ஓட்டிசமோ (மற்ற ஆக்களோட பழகிறதும் சத்தம், தொடுகை மாதிரியானதுகளை உணருறதும் வேற மாதிரி இருக்கிறது), ஏ.டி.எச்.டியோ (கவனம் ஒரு இடத்தில நிக்காமல், அளவுக்கு மீறித் துடிதுடிக்கிறது) எண்டு நீங்கள் கேக்கேல்லை, ஆனா மனதுக்குள்ள கேட்டிருப்பியள். இப்ப மூளை வேற மாதிரி வேலை செய்யிற ஆக்களை நியூரோடைவர்ஜன்ட் எண்டு சொல்லுகினம், ஓட்டிசம், ஏ.டி.எச்.டி, எழுத்தை வாசிக்கக் கஷ்டப்படுற டிஸ்லெக்சியா எல்லாம் அதுக்குள்ள வரும், ஒரு பிள்ளைக்கு ஒண்டுக்கு மேலயும் இருக்கலாம். இது புதுசா வந்த நோய் இல்லை, எங்களோட படிச்ச ஆக்களிலயும் இருந்தவை, அவையை நாங்கள் மொக்கு எண்டும் விசர் எண்டும் சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள். 2021இல உலகத்தில 127 பேரில ஒராளுக்கு அளவில ஓட்டிசம் இருந்ததெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, ஏ.டி.எச்.டி அதைவிடக் கூட. பெயர் வைக்கிறது உங்கட வேலையும் இல்லை, என்ர வேலையும் இல்லை, அது டொக்டரின்ர வேலை. ஏ.டி.எச்.டி எண்டு சொல்ல அவையும் சும்மா ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லமாட்டினம், ஆறு மாசமாவது இருக்கவேணும், பள்ளிக்கூடத்தில மட்டும் இல்லாமல் வீட்டிலயும் இருக்கவேணும், 12 வயசுக்கு முதலே தொடங்கியிருக்கவேணும். அங்க உங்கட 10 நாள் கொப்பி பெரிய உதவி, டொக்டர் பிள்ளையைப் பாக்கிறது அரை மணித்தியாலம், நீங்கள் பாக்கிறது நாள் முழுக்க.

ஆனா டொக்டரிட்டப் போக முதல் வேற சிலதையும் பாத்துவிடுங்கோ. காது வடிவாக் கேக்குதோ, கண் தெரியுதோ. காலமை சாப்பிட்டிட்டு வாறானோ. நித்திரை கொள்ளுறானோ, இது முக்கியம், காட்டுக்கரைக் கிராமங்களில நெல்லு விளையிற நேரம் யானையைக் கலைக்க இரவிரவா வெடி கொளுத்துவினம், சத்தத்துக்குப் பயந்த பிள்ளை அந்த நாளையில நித்திரையே கொள்ளாது, நித்திரை கொள்ளாத பிள்ளை வகுப்பில துள்ளும், பெரியாக்கள் மாதிரி தூங்கி விழாது, அதைப் பாத்து ஏ.டி.எச்.டி எண்டு நினைச்சிடுவம். வீட்டில சண்டை, குடி, தகப்பன் தூர இடத்தில வேலை, இதுகளாலயும் பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு நிக்கும். எங்கட ஊரில இன்னொண்டும் இருக்கு. இந்தப் பிள்ளையள் 2009இல சண்டை முடிஞ்சாப் பிறகு பிறந்ததுகள், ஒண்டும் காணேல்லை, ஆனா தாய்மார் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளையள், எல்லாத்தையும் கண்டவை. வெடிச்சத்தத்துக்குத் தாயே நடுங்கிற வீட்டில வளருற பிள்ளை சத்தத்தை எப்பிடிக் கேக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. தாயில பிழை பிடிக்கச் சொல்லேல்லை நான். தாயோட கதைக்கப் போகேக்க இது நினைவில இருக்கட்டும் எண்டுதான்.

தாயை "உங்கட மகனைப் பற்றிக் கதைக்கவேணும் வாங்கோ" எண்டு கொப்பியில எழுதிக் கூப்பிடாதேங்கோ, அவ இரவு முழுக்க அழுதிட்டு வருவா. ஏத்த வரேக்க வாசலில நிண்டு ரெண்டு கதை கதையுங்கோ, உழவு மெசின் கதையைச் சொல்லுங்கோ, இப்பிடி ஒரு கெட்டித்தனம் எண்டு. தன்ர பிள்ளையைப் பற்றி ஒரு ரீச்சர் நல்லதாச் சொல்லி அவ கேட்டே இருக்கமாட்டா. பேந்து ஒருநாள், வீட்டில மிக்சர் போட்டா, ஆக்கள் கூடினா எப்பிடி இருப்பான் எண்டு கேளுங்கோ. அவவே சொல்லுவா. மாமி ஆக்கள் வளர்ப்புச் சரியில்லை எண்டு சொல்லியிருப்பினம், யாரோ தடுப்பூசியால வந்தது எண்டு சொல்லியிருப்பினம், ரெண்டும் பிழை, வளர்ப்பாலயும் வாறேல்லை, தடுப்பூசியாலயும் வாறேல்லை எண்டதை உறுதியாச் சொல்லுங்கோ. சுகமாக்கித் தாறம் எண்டு காசு கேக்கிற ஆக்களிட்டப் போகவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ, இருந்த தோட்டை அடகு வைச்ச தாயை எனக்குத் தெரியும். போகவேண்டிய வழி காசில்லாத வழி: குடும்பநல மாதுவிட்டச் சொன்னா அவ எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்கு வழி காட்டுவா, அங்கயிருந்து மாவட்ட ஆஸ்பத்திரியில பிள்ளை வைத்தியர் இல்லாட்டி மனநலக் கிளினிக். "மனநலம்" எண்டோடன தாய் பயப்பிடுவா, ஏலுமெண்டா முதல் தரம் நீங்களும் கூடப் போங்கோ. வலயக் கல்வி அலுவலகத்தில விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், அவருக்கு அதிபர் மூலமா ஒரு கடிதம் குடுத்து வையுங்கோ.

இதெல்லாம் நடக்க மாசக்கணக்கு எடுக்கும். அதுவரைக்கும் காத்திருக்கவேண்டாம், வகுப்பை மாத்திறதுக்கு டொக்டரின்ர துண்டு தேவையில்லை. "கொப்பியை எடுத்து, 43ஆம் பக்கத்தைத் திறந்து, நாலாவது கணக்கைச் செய்து, முடிச்சிட்டுக் கொண்டுவாங்கோ" எண்டு நாங்கள் ஒரே மூச்சில சொல்லுவம், அவன்ர மனதில "கொப்பியை எடு" எண்டது மட்டும் நிக்கும், மிச்சம் விழுந்திடும், நாங்கள் சொல்வழி கேக்கேல்லை எண்டுவம். ஒண்டு சொல்லி, செய்தாப் பிறகு மற்றது. பத்துக் கணக்கை ஒரே பக்கத்தில பாத்தா பயப்பிடுவான், ஒரு மட்டையால மூடி ரெண்டை மட்டும் காட்டுங்கோ. எழுத்து அவனுக்குக் கைநோவா இருக்கலாம், பென்சிலை எப்பிடிப் பிடிக்கிறான் எண்டு பாருங்கோ, அஞ்சு வரி எழுதவேண்டிய இடத்தில ரெண்டு வரி எழுதி மிச்சத்தை வாயால சொல்லட்டும், அவனுக்குத் தெரியுமோ எண்டதுதானே எங்களுக்கு வேணும். எழும்பித் திரியிறதை நிப்பாட்டேலாது, அதால எழும்புறதுக்கு நீங்களே வேலை குடுங்கோ, டஸ்ரர் தட்டிக்கொண்டு வா, கொப்பியளை அடுக்கு, தண்ணிப் போத்தல் நிரப்பிக்கொண்டு வா. ஓடித்திரிஞ்சு வந்து இருக்கிற பத்து நிமிசம் நல்லா வேலை செய்வான்.

பிறகு அந்த உழவு மெசின். அதை விட்டிடாதேங்கோ, அதுதான் உங்களுக்குக் கிடைச்ச திறப்பு. ஒரு ஏக்கருக்கு இவ்வளவு எண்டா மூண்டு ஏக்கருக்கு எவ்வளவு, பெட்டியில 12 மூட்டை ஏத்தினா நாலு தரத்தில எத்தினை, தரம் 3 பெருக்கல் முழுக்க அதுக்குள்ள இருக்கு. மற்றப் பிள்ளையளுக்கும் அது தெரிஞ்ச விசயம்தானே, குளத்துத் தண்ணியிலயும் மழையிலயும் விதைக்கிற வீட்டுப் பிள்ளையள்.

ஒரு கவனம், மெய்வல்லுநர் போட்டிப் பழக்கம் தொடங்கினா பாண்ட், விசில், லவுட்ஸ்பீக்கர், நேரசூசி எல்லாம் குழம்பும், அந்த ரெண்டு கிழமையும் அவனுக்குக் கடும் கஷ்டமா இருக்கும். காலமை வந்தோடன இண்டைக்கு என்ன என்ன நடக்கும் எண்டு சின்னச் சின்னப் படமா கீறி மேசையில ஒட்டிவிடுங்கோ, முடிய முடிய அவன் வெட்டட்டும்.

மற்றத் தாய்தேப்பனுக்கு நீங்கள் தனியப் பதில் சொல்லாதேங்கோ, அதிபரையும் வைச்சுக்கொண்டு சொல்லுங்கோ. அவன்ர விசயம் ஒண்டும் வாய் திறக்கக்கூடாது, அது அவன்ர வீட்டுக்கதை. வகுப்பில நான் இன்ன இன்ன மாற்றம் செய்திருக்கிறன், உங்கட பிள்ளைக்கும் அது உதவும், ஒரு மாசம் பொறுங்கோ எண்டு சொன்னாக் காணும். உண்மையிலயே உதவும். ஒண்டொண்டாச் சொல்லுறதும், படத்தில நேரசூசி போடுறதும் 29 பேருக்கும் நல்லது. அவையும் பாவம், இருக்கிற காணியையும் கூலியையும் நம்பிப் பிள்ளையைப் படிப்பிக்கிற சனம், ஸ்கொலர்ஷிப் எண்டா அவைக்கு ஒரு வெளிச்சம். கோபப்படாமல் கதையுங்கோ.

இனி நான் உண்மையில எழுத வந்த விசயம். உங்கட கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்க எனக்கு அந்தப் பெடியனை விட மற்றப் பிள்ளையிலதான் மனம் போகுது, பின்வாங்கில இருக்கிற பிள்ளை. வாசிக்கக் கஷ்டப்படுறாள் ஆனா கொப்பி முத்துமுத்தா எழுதுவாள் எண்டு ஒரு வரியில எழுதிப்போட்டுப் போயிட்டீங்கள். அவன் பென்சிலை எறிஞ்சு தனக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டான், அவனைப் பற்றி அதிபருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், இப்ப எனக்கும் தெரியும். அவளைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது. கரும்பலகையைப் பாத்து வடிவா எழுதுறது வாசிக்கத் தெரியும் எண்டதுக்கு அடையாளம் இல்லை ரீச்சர், அவள் எழுத்தைக் கீறிறாள், கோலம் போடுற மாதிரி. நல்லாக் கீறத் தெரிஞ்ச பிள்ளை தரம் 5 வரைக்கும் இப்பிடியே ஒளிச்சு வந்திடும், பாடப்புத்தகத்துக் கதையைப் பாடமாக்கி, படத்தைப் பாத்துச் சொல்லிடும், நாங்கள் வாசிக்கிறாள் எண்டு நினைச்சுப் பக்கத்தைத் திருப்பிடுவம்.

எங்கட எழுத்து லேசில்லை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், 247 எண்டு நாங்கள் பெருமையாச் சொல்லுவம், வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளைக்கு அது ஒரு காடு. "கொ" எண்டதை எடுத்துப் பாருங்கோ. சத்தத்தில முதல் வாறது "க்", பிறகுதான் "ஒ". கண்ணில முதல் படுறது கொம்பு (ெ), பிறகு "க", பிறகு அரவு (ா). கண் ஒரு வரிசை, காது ஒரு வரிசை. "கொக்கு" எண்டதை "கெ" எண்டு தொடங்கி "கா"வில போய் நிண்டு திகைக்கிற பிள்ளையைப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்கும், அது ஒண்டையும் விடாமல் கண்ணால கண்டபடிதான் வாசிக்குது. அதோட குறில் நெடில், மெய்யெழுத்துக்கு மேல குத்து (புள்ளி) இருக்கோ இல்லையோ, ண ன, ல ள ழ, ர ற. இதுகளில நிண்டு நிண்டு போறதும், வசனத்தின்ர கடைசிக்கு வரேக்க முதல் சொல்லு மறந்துபோறதும், வாயால கேட்டா எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லுறதும் ஒரே பிள்ளையில இருந்தா டிஸ்லெக்சியாவா இருக்கலாம் எண்டு நினைக்கவேணும். மூளைக் கெட்டித்தனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பரம்பரையிலயும் வரும், அதால தாய்க்கோ தகப்பனுக்கோ வாசிப்பு வராமல் இருந்திருக்கலாம், சண்டையால படிப்புக் குழம்பினது எண்டு அவை நினைச்சுக்கொண்டிருக்கலாம், கேக்கேக்க பக்குவமாக் கேளுங்கோ.

அவளை வகுப்புக்கு முன்னால எழுப்பி வாசிக்க விடாதேங்கோ, அது இண்டையோட நிக்கட்டும். வாசிக்க விடவேணும் எண்டா முதல்நாளே எந்தப் பந்தி எண்டு சொல்லி வீட்ட அனுப்புங்கோ. ஒரு நாளைக்கு பத்து நிமிசம், இடைவேளைக்குப் பிறகு, புத்தகம் இல்லாமல் தொடங்குங்கோ. புளியங்கொட்டை கொஞ்சம் எடுத்து, "மரம்" எண்டு சொல்லி, ம, ர, ம், சத்தத்துக்கு ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கோ. "ம"வை எடுத்தா மிச்சம் என்ன எண்டு கேளுங்கோ, கொட்டையை எடுத்துக் காட்டிக் கேளுங்கோ. "ரம்" எண்டு சொல்ல அவளுக்குக் கனநேரம் எடுத்தா உங்களுக்கு விசயம் விளங்கிடும். பிறகு ஒரு குறி மட்டும், அரவு எண்டா ஒரு கிழமை முழுக்க அரவுதான், மணலில விரலால எழுதி, எழுதேக்க சத்தத்தைச் சொல்லி, கா, மா, பா. அது உறைச்சாப் பிறகு அடுத்த குறி. கொம்பு வாறதெல்லாம் கடைசிக்கு. பிறகு ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற காலம் வரேக்க மேலதிக நேரம் மாதிரியான சலுகைக்குப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் பள்ளிக்கூடம் மூலமா முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், மருத்துவ அறிக்கை கேப்பினம், அதால ஆஸ்பத்திரித் துண்டு ஒவ்வொண்டையும் தாயைப் பத்திரமா வைச்சிருக்கச் சொல்லுங்கோ.

வாற திங்கட்கிழமை, அவள் முன்னப்பின்ன காணாத ஒரு பந்தியை, படம் இல்லாமல், நாலே நாலு வரி, நீங்களே எழுதிக்கொண்டு போங்கோ. பக்கத்தில ஒருத்தரும் இல்லாத நேரமாப் பாத்துக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கோ, திருத்தாதேங்கோ, அவசரப்படுத்தாதேங்கோ, முடிய "நல்லா முயற்சி செய்தாய்" எண்டு சொல்லி அனுப்புங்கோ. எந்த எழுத்தில நிண்டாள், எதை விட்டாள், எதை ஊகிச்சுச் சொன்னாள் எண்டதை அப்பிடியே எழுதி எனக்கு அனுப்புங்கோ, அவளுக்கு எந்தக் குறியில தொடங்கிறது எண்டு அதைப் பாத்துத்தான் சொல்லுவன்.